வட்டியில்லா மாணவர் கடன்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் கையெழுத்து வைக்கும் முன்

ஏ.எல். (உயர்தரம்) மூன்று பாடமும் சித்தி, ஆனால் அரச பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. பெறுபேறு வந்த கிழமையில் எங்கள் பக்கத்து எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. பிள்ளை இன்னொரு தடவை எழுதுவதா, வெளிநாடு போவதா, கடையில் நிற்பதா என்று பேச்சு ஓடும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "கவர்மெண்ட் வட்டியில்லாமல் கடன் கொடுக்குதாம், கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிக்கலாம்." சொல்பவருக்கு அதைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் விண்ணப்பித்த ஒரு பிள்ளையின் கதையை வைத்துச் சொல்வார்.

முதல் தடவையாக இதை விசாரிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டு விஷயம். இந்தத் திட்டத்தின் விதிகள் சேர்க்கைக்குச் சேர்க்கை, அதாவது விண்ணப்பம் கோரும் ஒவ்வொரு சுற்றுக்கும், மாறுகின்றன, ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவது உங்கள் பிள்ளையின் சேர்க்கைக்கான விதி மட்டும்தான். அடுத்தது, கடன் கிடைத்த பிறகும் ஒரு பெரிய தொகை குடும்பத்தின் தலையில் மிஞ்சும். அந்தத் தொகை எவ்வளவு என்று தெரியாமல் யாரும் கையெழுத்து வைக்கக் கூடாது.

இது என்ன கடன்

உயர்தரத்தில் தகுதி பெற்றும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத மாணவர்கள், அரசு அங்கீகரித்த அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிக்கக் கொடுக்கும் கடன் இது. 2017இல் தொடங்கியது. மாணவருக்கு அரச வங்கி கடன் கொடுக்கிறது. அதற்குரிய வட்டியை அரசாங்கம் வங்கிக்குக் கட்டுகிறது. மாணவர் திருப்பிக் கட்ட வேண்டியது வாங்கிய முதலை மட்டும்.

கடனில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று பாடநெறிக் கட்டணம். இது உங்கள் கைக்கு வராது, வங்கியிலிருந்து நேரே படிக்கும் நிறுவனத்துக்குத் தவணை தவணையாகப் போகும். மற்றது வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவு. விரும்பினால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். எடுத்தால் அதுவும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். இதைப் பலர் புலமைப்பரிசில் போல நினைத்து விடுகிறார்கள். திட்டம் தொடங்கியபோது பாடநெறிக் கட்டணத்துக்கு உச்சமாக 8 இலட்சம் ரூபாயும், வாழ்க்கைச் செலவுக்கு வருடம் 75,000 ரூபாயும் என்று இருந்தது. நான்கு வருடப் பட்டத்துக்கு இரண்டையும் முழுதாக எடுத்தால் 11 இலட்சம்.

வட்டி இல்லை என்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். 11 இலட்சத்தை 84 மாதங்களில் கட்டி முடிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வட்டி இல்லாவிட்டால் மாதம் ஏறக்குறைய 13,100 ரூபாய். இதே தொகையை வருடம் 14 வீத வட்டிக்கு வங்கியில் எடுத்திருந்தால் மாதம் 20,600 ரூபாய் அளவில் கட்ட வேண்டி வரும். வட்டி மட்டும் 6 இலட்சத்தைத் தாண்டிவிடும். அதிலும் சாதாரணக் கடனில் பிள்ளை படித்துக் கொண்டிருக்கும் காலத்துக்கும் வட்டி ஏறும். இங்கே ஏறாது.

எங்கள் பக்கத்தில், அதிலும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில், கடன் என்ற பேச்சை எடுத்தாலே தாய்மாருக்கு நெஞ்சு பதறும். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து நிற்கும் நுண்கடன்காரரைப் பார்த்து நொந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடன் வேறு வகை. கிழமைத் தவணை இல்லை, வட்டி குட்டி போடாது, படிப்பு முடியும் வரை முதலும் கேட்க மாட்டார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இதை மகாபொல புலமைப்பரிசிலோடும் நிதியுதவிக் கொடுப்பனவோடும் குழப்பிக் கொள்ளாதீர்கள். அவை அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கானவை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாயாகவும், நிதியுதவியை 4,000இலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்துவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டு "கடனும் கூடிவிட்டதாம்" என்று பேசுவது தவறு. இரண்டும் வேறு வேறு.

முதலில், உங்கள் சேர்க்கையின் கைநூலைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு சேர்க்கைக்கும் அமைச்சு அறிவித்தல் வெளியிடும். கூடவே மாணவர் கைநூலும் இணையத்தில் வரும். உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் மாணவர் கடன் தளத்தில் அதைத் தரவிறக்கலாம். அரச தளத்தின் முகவரி 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் பிள்ளையின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

கைநூலில் மாறக்கூடியவை எவை என்று தெரிந்தால் எங்கே கவனமாக வாசிப்பது என்பதும் தெரிந்துவிடும். எந்தெந்த வருடத்து உயர்தரப் பெறுபேற்றை ஏற்கிறார்கள், கடனின் உச்சத் தொகை எவ்வளவு, எந்த நிறுவனத்தின் எந்தப் பட்டங்கள் பட்டியலில் இருக்கின்றன, மொத்தம் எத்தனை இடங்கள், வயது எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படுகிறது, பிணை பற்றிய நிபந்தனை என்ன. சேர்க்கை மாறும்போது மாறுவது இவைதான். அக்கா எடுத்த பட்டம் தங்கச்சியின் சேர்க்கையில் பட்டியலில் இல்லாமல் போகலாம். அண்ணனுக்குக் கொடுத்த தொகை தம்பிக்குக் கூடியிருக்கலாம். ஆகவே போன சேர்க்கையில் எடுத்தவரிடம் அனுபவத்தைக் கேளுங்கள், தொகையையும் திகதியையும் கைநூலில் பாருங்கள்.

கைநூலைத் தாளில் அச்செடுத்து வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். போனில் பிள்ளை மட்டும் வாசித்து "எல்லாம் சரி அம்மா" என்று சொல்வதோடு விடக் கூடாது. பிணைக்கு நிற்கப் போவது தாயோ தகப்பனோதான் என்றால் அவர்களும் வாசிக்க வேண்டும், வாசிக்கத் தெரியாவிட்டால் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும்.

தகுதி இருக்கிறதா

இதுவரையான சேர்க்கைகளில் அடிப்படைத் தகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தி. இரண்டு பாடம் ஒரு வருடம், மூன்றாவது அடுத்த வருடம் என்றால் சரிவராது. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் (கொமன் ஜெனரல் டெஸ்ட்) குறைந்தது 30 புள்ளி. உயர்தரப் பொது ஆங்கிலத்தில் அல்லது சாதாரண தர ஆங்கிலத்தில் சித்தி. வயது 25க்குக் குறைவு.

இதில் எங்கள் பிள்ளைகளை அதிகம் தடுப்பது ஆங்கிலமும் பொதுச் சாதாரண பரீட்சையும்தான். மூன்று முக்கிய பாடத்தில் உயிரைக் கொடுத்துப் படிக்கும் பிள்ளை, "அது கணக்கில் வராது" என்று பொது ஆங்கிலப் பரீட்சைக்குப் போகாமலே விட்டுவிடும். பிறகு மூன்று பாடமும் நல்ல சித்தியாக இருந்தும் விண்ணப்பிக்க முடியாது. இப்போது உயர்தரம் படித்துக் கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு விஷயத்தை இன்றைக்கே சொல்லுங்கள்: அந்த இரண்டு பரீட்சைக்கும் கட்டாயம் போக வேண்டும்.

தகுதி இருந்தால் கடன் உறுதி என்று நினைக்க வேண்டாம். இடங்கள் வரையறுக்கப்பட்டவை. தெரிவு என்று ஒரு கட்டம் உண்டு.

மற்றக் கதவுகளையும் தட்டிப் பாருங்கள்

கடனுக்குப் போகும் முன் கடனில்லாத வழி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது குடும்பத்துக்கு நல்லது. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்படும் 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. பல்கலைக்கழக அனுமதியில் அந்த மாவட்டங்களுக்கென்று 5 வீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எல்லாத் துறைகளையும் யோசித்து நிரப்ப வேண்டும். இரண்டே இரண்டு தெரிவைப் போட்டுவிட்டு "கிடைக்கவில்லை" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் உயர் தேசிய டிப்ளோமாவும், திறந்த பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இவற்றைப் பார்த்த பிறகும் பிள்ளைக்கு ஏற்ற வழி கடன்தான் என்றால் தயங்காமல் வாருங்கள்.

பட்டத்தைத் தெரிவு செய்வது

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அனுமதி கொடுக்கப்படுவது பட்டத்துக்கு. ஒரே நிறுவனத்தில் ஒரு பட்டம் கடன் பட்டியலில் இருக்கும், பக்கத்து வகுப்பில் நடக்கும் இன்னொரு பட்டம் இருக்காது. அரச சார்பற்ற நிறுவனமொன்று தானே பட்டம் வழங்குவதென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். விளம்பரக் கடதாசியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னம் பெரிதாக இருக்கலாம். கடன் பட்டியலில் அந்தப் பட்டத்தின் சரியான பெயர் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

பட்டியலில் உள்ள நிறுவனங்களில் அதிகமானவை கொழும்பைச் சுற்றித்தான் இருக்கின்றன. மாலபே, ஹோமாகம, பத்தரமுல்லை, பாதுக்க என்று போகும். ஆகவே மட்டக்களப்புப் பிள்ளைக்குப் படிப்போடு வீடு மாறுவதும் சேர்ந்தே வருகிறது.

மொழியும் அப்படித்தான். இந்தப் பட்டங்கள் பொதுவாக ஆங்கில மொழியில் நடக்கின்றன. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை முதல் தவணையில் விரிவுரையைப் பின்தொடரவே திணறும். அந்தத் தவணையில் ஒரு பாடம் தவறினால் மீண்டும் எழுதக் கட்டணம், மேலதிகக் காலத்துக்கு அறை வாடகை, எல்லாம் கூடும். தெரிவு வரும் வரை காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் ஆங்கிலத்துக்கே கொடுங்கள். தினமும் ஒரு மணித்தியாலம் தான் படிக்கப் போகும் துறையில் ஆங்கில விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துப் பழகினாலே போதும், முதல் தவணையில் அந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொல்வதால் மட்டும் கலைப் பிரிவில் படித்த பிள்ளையை அதில் தள்ளாதீர்கள். விருப்பமில்லாத பட்டத்துக்கு எடுத்த கடன்தான் இடையில் நின்று போகிறது.

மிச்சத் தொகை: இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி

நிறுவனத்துக்குப் போனால் அல்லது தொலைபேசியில் பேசினால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். பட்டத்தின் மொத்தக் கட்டணம் எவ்வளவு? கடன் தொகைக்கு மேல் உள்ளதை எப்போது, எத்தனை தவணையில் கட்ட வேண்டும்? பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், நூலக வைப்பு, ஆய்வுகூடச் செலவு, பட்டமளிப்பு விழாக் கட்டணம் எல்லாம் அந்த மொத்தத்துக்குள் வருமா, வெளியேயா? பாடம் தவறினால் மீண்டும் படிக்க எவ்வளவு? வங்கிப் பணம் வரத் தாமதமானால் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்துவீர்களா? பதில்களை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நான்கு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் தொகைகளை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

பட்டத்தின் மொத்தக் கட்டணம் 13 இலட்சம், அதில் கடனாகக் கிடைப்பது 8 இலட்சம் என்று வைப்போம். மிச்சம் 5 இலட்சம். நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 125,000. இது குடும்பத்தின் பங்கு.

அடுத்தது தங்குவது, சாப்பிடுவது. போர்டிங் அறையில் ஓர் இடத்துக்கு 15,000, சாப்பாட்டுக்கு 22,000, பஸ்ஸுக்கும் போனுக்கும் 6,000, ஊருக்கு வந்து போகவும் சில்லறைச் செலவுக்கும் 4,000. மாதம் 47,000 ரூபாய். வருடத்துக்கு 564,000. கடனில் வரும் வாழ்க்கைச் செலவுப் பணம் வருடம் 75,000 என்றால் மாதம் 6,250 ரூபாய்தான். அதைக் கழித்தால் 489,000. கட்டண மிச்சத்தையும் சேர்த்தால் குடும்பம் வருடம் 614,000 ரூபாய் தேட வேண்டும். மாதம் 51,000 ரூபாய்க்கு மேல்.

இப்போது விளங்கும், வட்டியில்லாக் கடன் கிடைத்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்த வீடு ஏன் இரண்டாம் வருடத்தில் நகையை அடகு வைக்கிறது என்று. அரசாங்கக் கடனால் யாரும் மூழ்கவில்லை. மாதம் 51,000 ரூபாயைத் தேடப் போய், நாள் வட்டிக்கும் கிழமைக் கடனுக்கும் கையை நீட்டித்தான் மூழ்குகிறார்கள். நான் மேலே சொன்ன ஆபத்து இதுதான். வட்டியில்லாத ஒரு கடனைத் தாங்கிப் பிடிக்க வட்டியுள்ள மூன்று கடன் எடுத்தால் முதலில் கிடைத்த நன்மை முழுவதும் போய்விடும்.

அப்படியென்றால் அனுப்பவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மிச்சத் தொகையைக் குறைக்க வழிகள் உண்டு. கட்டணம் குறைந்த பட்டத்தைப் பட்டியலில் தேடலாம். பெயர்பெற்ற நிறுவனத்துக்கும் அடுத்த நிறுவனத்துக்கும் இலட்சக் கணக்கில் வித்தியாசம் வரும். ஒரே ஊரிலிருந்து போகும் மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்துச் சாப்பிட்டால் அறைச் செலவும் சாப்பாட்டுச் செலவும் நன்றாகக் குறையும். பெண் பிள்ளைகளை அனுப்பும் வீட்டாருக்கு இது மனதுக்கும் தைரியம். கொழும்பில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் ஆறு மாதமாவது அங்கே தங்க முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ உதவுவதாகச் சொன்னால், "பார்ப்போம்" என்ற வார்த்தையை நம்பி இறங்காமல், மாதம் இவ்வளவு, இத்தனை வருடத்துக்கு என்று தெளிவாகப் பேசிக் கொள்ளுங்கள். உதவுகிறவருக்கும் அதுதான் வசதி.

வருமானம் எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளாமைக் குடும்பத்துக்குக் காசு வருவது பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும்தான். கடற்றொழில் குடும்பத்துக்கு வாடைக் காலத்தில் கடல் குழம்பினால் வருமானமே இல்லை. ஆனால் நிறுவனத்தின் தவணைத் திகதி நெல்லையும் மீனையும் பார்த்து வராது. ஆகவே சேரும்போதே, மிச்சக் கட்டணத்தை மாசி, பங்குனியில் ஒரு பகுதியும் சிறுபோகம் முடிந்து ஒரு பகுதியுமாகக் கட்டலாமா என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். கேட்டால் ஒத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. நாள் தவறிய பிறகு போய்க் கேட்டால் தண்டப் பணத்தோடுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

பத்திரங்களும் விண்ணப்பமும்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. இவற்றை அறிவித்தல் வரும் முன்பே எடுத்து வையுங்கள்.

பெயரில்தான் சிக்கல் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு, ஏ.எல். சான்றிதழில் முதலெழுத்துகள் இடம் மாறி, ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதம். எங்கள் பெயர்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இப்படி ஆவது வழக்கம். வங்கி உடன்படிக்கை எழுதும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் அலைய நேரம் போதாது. இன்றைக்கே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வங்கிக் கிளையில் காட்டி, திருத்த வேண்டுமா, சத்தியக் கடதாசி போதுமா என்று கேட்டு அதன்படி செய்யுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் கொமியூனிகேஷன் கடைக்குப் போவார்கள், அது சரி. ஆனால் கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையும் தன் போன் இலக்கத்தையும் போட்டுவிடுவார். பிறகு நேர்முகத்துக்கோ தெரிவுக்கோ வரும் அறிவித்தல் அவருக்குத்தான் போகும், கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருக்கும். பிள்ளை சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறந்து, தன் பெயரில் உள்ள சிம் இலக்கத்தைப் போட்டு, கடவுச்சொல்லைத் தானே அடிக்க வேண்டும். அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை அச்செடுத்து வையுங்கள்.

விருப்ப வரிசையை யோசித்து இடுங்கள். முதலில் போடும் பட்டத்தைப் பொழுதுபோக்காகப் போட முடியாது, அதுவே கிடைத்துவிடலாம். கடைசி நாள் இரவு தளம் நெரிசலில் நின்று போகும், ஆகவே ஒரு கிழமை முன்பே முடித்து விடுங்கள். காசு கொடுத்தால் கடன் எடுத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களுக்கு இதில் வேலையே இல்லை. யாருக்கும் சதமும் கொடுக்க வேண்டாம்.

பிணைக்கு நிற்பவர்

தெரிவு வந்த பிறகு வங்கியோடு உடன்படிக்கை. இங்கேதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். வங்கி பிணை கேட்கும். கூலி வேலை செய்யும் தகப்பன், வீட்டில் இருக்கும் தாய் என்றால், யாரை ஏற்பார்கள், இன்னும் யார் வேண்டும், அவருக்கு எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும் என்பதைத் தெரிவு வரும் முன்பே உங்கள் கிளையில் விசாரித்து விடுங்கள். களுவாஞ்சிக்குடியோ வாழைச்சேனையோ, கல்முனையோ அக்கரைப்பற்றோ, அருகில் உள்ள அரச வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரியைக் கேட்டால் சொல்வார். இரண்டு கிளையில் இரண்டு விதமாகச் சொன்னால் கைநூலில் உள்ள வரியைக் காட்டிக் கேளுங்கள்.

பிணைக்கு வருகிறவரின் பழைய கடன்களும் பார்க்கப்படும். இலங்கைக் கடன் தகவல் பணியகம், எல்லோரும் கிரிப் என்று சொல்வது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன்களின் விவரம் அங்கே சேருகிறது. தாயின் பெயரில் நின்றுபோன ஒரு கடன், தகப்பன் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்துத் தவறிய லீசிங் தவணை, யாருக்கோ பிணை நின்று அவர் கட்டாமல் விட்டது, எல்லாம் அதில் தெரியலாம். ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே கேட்டுப் பெறலாம். பிள்ளையின் தெரிவு வரும் முன்பே பெற்றோர் தங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது. சின்னப் பாக்கி இருந்தால் கட்டி முடித்து அதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது ஒரு மரியாதையான விஷயம். அரச உத்தியோகம் பார்க்கும் ஒரு மாமாவிடமோ, பிள்ளைக்குப் படிப்பித்த ஆசிரியரிடமோ பிணைக்குக் கேட்கப் போகும்போது, "சும்மா ஒரு கையெழுத்துத்தான் சேர்" என்று சொல்லாதீர்கள். அது சும்மா கையெழுத்து இல்லை. பிள்ளை கட்டாவிட்டால் வங்கி அவரிடம் வரும். அவர் பிறகு வீட்டுக் கடனுக்குப் போனால் இந்தப் பிணையும் அவர் கணக்கில் தெரியும். ஆகவே தாயும் தகப்பனும் பிள்ளையும் மூவருமாகப் போய், கடன் எவ்வளவு, எப்போது கட்டத் தொடங்குவோம், மாதம் எவ்வளவு வரும், பிள்ளைக்கு வேலை தாமதமானால் அந்த மாதங்களில் யார் கட்டுவது என்று சொல்லிக் கேளுங்கள். அவர் முடியாது என்று சொன்னால் மனஸ்தாபப்படக் கூடாது. உடன்படிக்கையின் பிரதி ஒன்று பிணை நின்றவர் கையிலும் இருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பெற்றுக் கொடுங்கள்.

படிக்கும் காலத்தில்

தவணைக்குத் தவணை வங்கி நிறுவனத்துக்குப் பணம் அனுப்பியதா என்பதைப் பிள்ளை பார்த்துக் கொள்ள வேண்டும். முகவரி, போன் இலக்கம் மாறினால் வங்கிக்கு அறிவியுங்கள். வாழ்க்கைச் செலவுப் பணம் மாதா மாதம் வரும் என்று எண்ணி அறை வாடகையை அதில் தொங்கவிடாதீர்கள். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்துக் கொண்டுதான் ரயிலேற வேண்டும்.

இடையில் நிறுத்த நேர்ந்தால்? பட்டம் முடிக்காவிட்டாலும் அதுவரை நிறுவனத்துக்குப் போன தொகை கடன்தான். சுகயீனம், வீட்டில் மரணம், படிப்பு ஒத்துவராமை எதுவாக இருந்தாலும், சொல்லாமல் ஊருக்கு வந்துவிடுவதுதான் மோசமான முடிவு. பிள்ளை வரவில்லை என்று தெரியாமல் அடுத்த தவணைப் பணமும் போய்விடலாம். நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் அறிவித்து, தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியுமா, நிறுத்தினால் எந்தத் திகதியிலிருந்து கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோரும் இதில் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். ஏச்சுக்குப் பயந்து ஆறு மாதம் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திருப்பிக் கட்டுவது

படிப்பு முடிந்து ஒரு வருடம் சலுகைக் காலம். அதன் பிறகு மாதத் தவணை தொடங்கும். வேலை கிடைத்ததா இல்லையா என்பதை அந்தத் திகதி பார்க்காது. எத்தனை மாதத்தில் கட்ட வேண்டும் என்பது உடன்படிக்கையில் இருக்கும். மொத்தக் கடனை அந்த மாதங்களால் பிரித்து வரும் தொகையைக் கைநூலின் முன் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

சலுகை வருடத்தைச் சும்மா விடாதீர்கள். வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்தே தவணைத் தொகையைத் தனிக் கணக்கொன்றில் போட்டு வந்தால், தவணை தொடங்கும்போது சில மாதங்களுக்கான பணம் கையில் இருக்கும். வேலை போனால் அதுதான் தாங்கும். மத்திய கிழக்குக்கோ வேறு நாட்டுக்கோ போகும் பிள்ளை, போகும் முன், மாதத் தவணை கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெளிநாடு போனதும் கடன் கூடவே போகாது, ஊரில் பிணை நின்றவர் வாசலில்தான் அது நிற்கும்.

ஒரு மாதம் தவறினால் அடுத்த நாளே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். மூன்று மாதம் மறைந்திருந்து போவதை விட அது இலகு. கட்டும் ஒவ்வொரு சிட்டையையும் ஒரு கோப்பில் வையுங்கள். கடைசித் தவணை முடிந்ததும் கடன் முழுதாகத் தீர்ந்தது என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். பிரதி ஒன்றைப் பிணை நின்றவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சில மாதம் கழித்து இருவரும் தங்கள் கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் வங்கிக் கடிதத்தோடு கிளைக்குப் போய்த் திருத்திக் கொள்ளலாம்.